விசில் ஊதுபவரே ஒரு அணிக்கு ஆடலாமா?

நடுவர் அவர்களே, ரயில்வே வேலைநிறுத்தத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது எங்கள் அணியின் வாதம். "ரயில் நின்றால் நாடே நின்றுவிடும், அதனால் அரசு தலையிட்டே ஆக வேண்டும்" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். சரி, 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் நம் மத்திய அரசு எப்படித் தலையிட்டது என்று பார்ப்போமா?

அன்றைக்கு ரயில்வே தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை, போனஸ், பொதுத்துறை ஊழியர்களுக்கு இணையான சம்பளம். நீராவி எஞ்சினில் ஃபயர்மேன் வேலை என்றால் என்ன தெரியுமா? முகத்துக்கு நேரே அடுப்பு கொதிக்கும், ஆடிக்கொண்டிருக்கும் தரையில் கால் ஊன்றி நின்று நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சரக்கு ரயிலை வேறு ரயிலுக்கு வழிவிட எங்காவது லூப் லைனில், அதாவது பக்கத்துத் தண்டவாளத்தில், ஒதுக்கிவிட்டால் அது கிளம்பிப் போய்ச் சேரும்வரை வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க மாட்டோம் என்ற வாக்குறுதியே 1973-இல் எஞ்சின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய பிறகுதான் வந்தது!

பேச்சுவார்த்தை முறியாமல் இருந்தபோதே மே 2-ஆம் தேதி சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது மே 8-ஆம் தேதி. ரயிலை நிறுத்தியது யார் என்று நடுவரே முடிவு செய்யட்டும். அப்புறம் நடந்ததெல்லாம் இன்னும் கொடுமை: விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டம், ஆயிரக்கணக்கில் கைது, வேலை நீக்கம், குவார்ட்டர்ஸில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் தெருவில் தள்ளியது. வேலைக்கு வராதது அப்பா, வீட்டை இழந்தது பிள்ளை. இது தலையீடா, தண்டனையா?

ரயில்வேயின் முதலாளியே அரசுதான். கபடியில் விசில் ஊதுபவரே ஒரு அணிக்கு இறங்கி ஆடினால் அந்த ஆட்டத்தை யாராவது ஒத்துக்கொள்வோமா?

அமெரிக்காவில் தனியார் ரயில்தானே, அங்கே அரசு நடுநிலையாகத்தானே தீர்த்து வைத்தது என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். 2022 டிசம்பரில் அங்கே நாடாளுமன்றம் என்ன செய்தது? வேலைநிறுத்தத்தைத் தடுக்க, நான்கு ரயில்வே சங்கங்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்த சம்பள ஒப்பந்தத்தை செனட்டில் 80-க்கு 15 என்று நிறைவேற்றி அவர்கள் தலையில் கட்டியது. காய்ச்சல் வந்தால் படுக்க, சம்பளத்தோடு ஏழு நாள் லீவு தரும் தீர்மானத்துக்கு 60 ஓட்டு வேண்டும், கிடைத்தது 52. சம்பள உயர்வு தந்தார்களே என்பீர்கள். தந்தார்கள்தான், ஆனால் அந்தத் தொழிலாளி தொண்டை கிழியக் கேட்டது லீவை.

மறுபடி நம் ஊருக்கே வருகிறேன். தரவே முடியாது என்று 1974-இல் அடித்துச் சொன்ன அதே போனஸ், 1979-இல் ரயில்வேக்கு வந்தது. அப்படியென்றால் அதை முன்னமே உட்கார்ந்து பேசித் தந்திருக்கலாமே, அத்தனை குடும்பங்களை ஏன் தெருவில் நிறுத்தினீர்கள்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.