சிசிலியன்ல அந்த ஏ6 எதுக்கு?

வணக்கம். பின்னாடி தெரியறது ஏற்காடு ஏரி. பனி இறங்கறதுக்குள்ள செஸ் போர்டுக்கு வந்துடலாம். ஏ6, இ4ன்னு நான் சொல்றது எல்லாம் போர்டுல கட்டத்தோட பேர்.

கறுப்பு ஆடற சிசிலியன் ஓப்பனிங்ல நஜ்டார்ஃப், டிராகன்னு ரெண்டு வகை இருக்கு. சேலம் பக்கம் போட்டிக்குப் போற பசங்க ரெண்டையும் சேர்த்து மனப்பாடம் பண்றீங்க. அடி விழறது அங்கதான்.

வெள்ளை இ4, கறுப்பு சி5. குதிரை எஃப்3, டி6. டி4, சிப்பாய் வெட்டு, குதிரையால திருப்பி வெட்டு. கறுப்புக் குதிரை எஃப்6, வெள்ளைக் குதிரை சி3. இதுவரை ரெண்டும் ஒண்ணுதான். 5வது மூவ்ல ஏ6 தள்ளினா நஜ்டார்ஃப், ஜி6 தள்ளினா டிராகன்.

6வது மூவ், வெள்ளை பிஷப் இ3. நஜ்டார்ஃப்ல குதிரையை ஜி4ல வெச்சு அந்த பிஷப்பைத் தாக்கலாம், அருமையான மூவ். பிஷப் ஜி5 போகும். எச்6 தள்ளுங்க, எச்4 போகும். ஜி5, அது ஜி3. இப்ப உங்க பிஷப் ஜி7. ராஜா பக்கம் சிப்பாய் ரெண்டு முன்னேறிடுச்சு, அந்தப் பக்கம் கேஸ்லிங்குக்கு (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தறது) அவசரப்படாதீங்க.

அதே குதிரையை டிராகன்ல 6வது மூவ்லயே ஜி4ல வெச்சா போச்சு. நல்லா பாருங்க: வெள்ளை பிஷப் பி5, செக். ஜி4 குதிரைக்குக் காவல் சி8 பிஷப் மட்டும்தான், அதோட வழி டி7. செக்கை டி7ல எதை வெச்சு மறைச்சாலும் காவல் போச்சு. பிஷப்பையே டி7 கொண்டு வந்தா? கட்டிப்போட்ட மாதிரி, நகர்ந்தா ராஜாவுக்கு செக். ராணி நிம்மதியா குதிரையை எடுத்துக்கும். இன்னொரு குதிரையை சி6ல வெச்சு மறைச்சா, வெள்ளைக் குதிரை அதை வெட்டும்; பி சிப்பாயால திருப்பி வெட்டினா பிஷப் சி6ல வெட்டி செக், கூடவே ஏ8 யானையும் மாட்டும்.

நஜ்டார்ஃப்ல இது ஏன் நடக்கலை? பிஷப் பி5 வந்தா ஏ6 சிப்பாய் சாப்பிட்டுடும். சும்மா தள்ளின மாதிரி தெரியற அந்தச் சிப்பாய் பி5ஐக் காக்குது, இ5 தள்ளவும் தைரியம் தருது.

டிராகன்ல முதல்ல பிஷப் ஜி7. உடனே வெள்ளை எஃப்3 தள்ளறதே பெரும்பாலும் ஜி4ஐ அடைக்கத்தான். 1995 உலகப் போட்டியில ஆனந்துக்கு எதிரா காஸ்பரோவ் ஜெயிச்ச 11வது ஆட்டம் டிராகன்தான், போட்டுப் பாருங்க.

வெள்ளை ஆடறவங்களுக்கும் ஒண்ணு. டிராகன்ல அப்படி ஜி4ல குதிரை வந்ததும் ராணியால வெட்டக் கை பரபரக்கும். வேண்டாம், சி8 பிஷப் ராணியை எடுத்துடும். பி5 செக்தான் முதல்ல.