நனையாமலும் சத்தமின்றியும்: ஸ்காட்லாந்து மலையில் மான் வேட்டைக்கு ஏற்ற மழை ஜாக்கெட்

[காட்சி: மேகம் இறங்கிய மலைச்சரிவு. காற்றின் ஓசை மட்டும் கேட்கிறது.]

வணக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஹைலேண்ட்ஸ் மலைகளில் நவம்பர் மாதத்து ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். வெப்பநிலை 4 டிகிரி. மழை நேராக விழாமல் காற்றோடு சாய்ந்து முகத்தில் அடிக்கிறது. கால் வைக்கும் இடமெல்லாம் நீர் ஊறிய கருஞ்சேறும் ஹெதர் புதருமாக இருக்கின்றன. பெண் செம்மான்களை வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கும் பருவம் அங்கே அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரைதான் என்பதால், வானம் வெளுக்கட்டும் என்று காத்திருக்க வேட்டைக்காரருக்கு வழியில்லை. அவர் எந்த ஜாக்கெட்டோடு மலையேற வேண்டும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

கடைக்குப் போனால் முதலில் காட்டப்படுவது ஜாக்கெட்டின் சீட்டில் அச்சிட்ட ஓர் எண். அந்த எண்ணுக்கு முன்பாக, வேட்டைக்காரரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கவனிப்போம். இரண்டு மணி நேரம் செங்குத்தாக ஏறுகிறார். உடல் கொதித்து வியர்க்கிறது. மான்கூட்டம் கண்ணில் பட்டதும் குனிந்து, மண்டியிட்டு, கடைசியில் வயிற்றாலும் முழங்கையாலும் ஊர்ந்து நெருங்குகிறார். பிறகு நனைந்த தரையில் அசையாமல் படுத்து, மான் உடலைத் திருப்பிக் காட்டும் கணத்துக்காக, சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறார். நடந்துகொண்டே இருக்கும் மலையேற்றக்காரருக்கு இந்த நிலைமை கிடையாது. ஆகவே மலையேற்றத்துக்குச் சிறந்தது என்று பெயரெடுத்த ஜாக்கெட்டே வேட்டைக்கும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

நனைந்தால் என்ன ஆகும்? நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அந்த நிலை வருவதற்கு வெகு முன்பாகவே விரல்கள் மரத்துப் போகும், கை நடுங்கத் தொடங்கும். நடுங்கும் கையால் சுடப்பட்ட மான் உடனே சாகாமல் காயத்தோடு ஓடிப்போய்ப் பல மணி நேரம் துடிக்கக்கூடும். எனவே இந்த ஜாக்கெட்டை வேட்டைக்காரரின் சௌகரியத்துக்கான பொருளாக மட்டும் நான் பார்க்கவில்லை. அந்த விலங்குக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையும் இதில் அடங்கியிருக்கிறது.

[காட்சி: மேசை மீது ஜாக்கெட். சீட்டில் உள்ள எண் பெரிதாகத் தெரிகிறது.]

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 20,000 மி.மீ. என்று எழுதியிருந்தால், 20 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் கொடுக்கும் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். வானிலிருந்து விழும் மழையின் அழுத்தம் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லையே, பிறகு எதற்கு இவ்வளவு பெரிய எண் என்று கேட்கலாம். மழைக்கு அது தேவையில்லைதான், முழங்கைக்குத் தேவை. ஒரு சதுர செ.மீ. பரப்பில் 1 கிலோ எடை அழுந்தினால், அது 10 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். சேற்றில் ஊர்பவரின் முழங்கை 20 சதுர செ.மீ. பரப்பில் 20 கிலோ எடையைத் தாங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் 10,000 மி.மீ. அளவை எட்டிவிடுகிறது. பையின் வார் அழுத்தும் தோளிலும் துணிக்கு இதே சோதனைதான். சீட்டில் இருப்பதோ புதுத் துணியைச் சோதித்துப் பெற்ற அளவு; தேய்மானத்தை அது சொல்லாது. ஆகவே 20,000 மி.மீ.க்குக் குறையாமல், முழங்கையிலும் தோளிலும் கூடுதல் துணி வைத்துத் தைத்த ஜாக்கெட்டையே நான் பரிந்துரைக்கிறேன். உட்புறத் தையல்கள் எல்லாவற்றின் மீதும் நீர்புகாப் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் நீர் நுழையும் வழிதான்.

வெளிநீரைத் தடுப்பது இந்த வேலையில் ஒரு பாதி. மறு பாதி வியர்வை. 1823-ஆம் ஆண்டு கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் பூச்சை வைத்து நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை, ஆனால் வியர்வையும் வெளியே போகவில்லை. 1969-இல் அமெரிக்காவின் ராபர்ட் கோர், பிடிஎஃப்இ என்ற பொருளைச் சட்டென்று இழுத்தால் அது நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிவதைக் கண்டார். இன்றைய மழை ஜாக்கெட்டுகளில் துணியோடு ஒட்டப்படும் கோர்டெக்ஸ் என்ற சவ்வு பிறந்தது அதிலிருந்துதான். அந்தத் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி வெளியேறப் போதுமான அளவுக்குப் பெரியவை.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. சவ்வுக்கு மேலே உள்ள வெளித்துணியில் நீரை உருட்டிவிடும் ஒரு பூச்சு உண்டு. அது தேய்ந்து போனால் வெளித்துணி நீரைக் குடித்து ஈரப்போர்வையாகிவிடும். நீராவி வெளியேறும் வழி பெரும்பாலும் அடைபட்டு, வியர்வை உள்ளேயே குளிர்ந்து நீராகிவிடும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று அணிந்தவர் நினைப்பார். உண்மையில் அவரை நனைப்பது அவருடைய சொந்த வியர்வை. எந்தச் சவ்வாலும் செங்குத்தான ஏற்றத்தின் வியர்வை முழுவதையும் வெளியேற்ற முடியாது என்பதால், அக்குளில் திறக்கும் ஜிப் உள்ள ஜாக்கெட்டைத் தேடுங்கள். மழை இடைவெளி விட்டால், ஜாக்கெட்டைப் பையில் வைத்துவிட்டுக் கம்பளி உள்ளாடையோடு ஏறுவதே நல்லது.

[காட்சி: இரண்டு துணிகளைக் கையால் கசக்குகிறோம். ஒலியை மட்டும் கேளுங்கள்.]

கேட்டீர்களா? முதல் துணி காய்ந்த சருகைப் போலச் சலசலக்கிறது. இரண்டாவது, சற்றே பஞ்சுபோல உராய்த்து மென்மையாக்கப்பட்ட முகம் கொண்டது. ஏறக்குறைய ஓசையே இல்லை. வேட்டை ஜாக்கெட்டை மற்ற மழை ஜாக்கெட்டுகளிலிருந்து பிரிக்கும் தன்மை இதுதான். காற்று பலமாக வீசும்போது சலசலப்பு அதில் கரைந்துவிடும். ஆனால் மழை ஓய்ந்து காற்றும் அடங்கிய அந்தச் சில நிமிடங்களில், ஹெதர் தண்டு விறைப்பான நைலான் மீது கீறும் ஒலி மானின் காதுக்கு எட்டிவிடும். மேய்ந்துகொண்டிருந்த தலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நிமிரும். மென்முகத் துணிக்கு ஒரு குறை உண்டு. அது வெளிப்புறத்தில் நீரை அதிகம் ஏந்திக்கொள்ளும், கனக்கும், காய நேரமாகும். சவ்வும் உள்துணியும் அதனோடு ஒட்டப்பட்ட மூன்றடுக்கு அமைப்பாக இருந்தால், அந்தக் கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒட்டிப் பிரிக்கும் பட்டையான வெல்க்ரோவை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அமைதியான பள்ளத்தாக்கில் அதைப் பிரிக்கும் ஒலியை வேறு எதனாலும் மறைக்க முடியாது. பட்டனும் காந்தப் பூட்டும் போதும்.

தலைமூடி, தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் பார்க்கும்போது உங்கள் கண் துணியின் உட்புறத்தைத்தான் பார்க்கும். மணிக்கட்டில் இறுக்கும் உள்பட்டை அவசியம், ஏனென்றால் பைனாகுலரை உயர்த்திப் பிடிக்கும்போது நீர் கை வழியாக முழங்கை வரை ஓடி இறங்கும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மானுக்குச் சிவப்பையும் ஆரஞ்சையும் நம்மைப் போலப் பிரித்தறியும் கண் கிடையாது. நீலத்தையும் புற ஊதாவையும் அது நன்றாகவே காணும். வீட்டுச் சலவைத் தூளில் வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள், புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக மின்னும். அதில் துவைத்தால், வாங்கும்போது சரியாக இருந்த பச்சை நிறத்தை நாமே கெடுத்துவிடுவோம். நீரை உருட்டும் பூச்சும் பாழாகும். ஜாக்கெட்டுக்கென்று விற்கும் திரவ சோப்பையே பயன்படுத்துங்கள், துணி மென்மையாக்கியை அறவே சேர்க்காதீர்கள்.

அந்தப் பூச்சிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களான பிஃபாஸ் உடைகளில் படிப்படியாகத் தடை செய்யப்படுகிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், சில விலக்குகளோடு, இந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. பிஃபாஸ் இல்லாத புதிய பூச்சுகள் நீரை நன்றாகவே தடுக்கின்றன, எண்ணெயைத் தடுப்பதில்லை. துப்பாக்கி எண்ணெயும் தோலின் பிசுக்கும் படிந்த இடம் விரைவில் நீரைக் குடிக்கத் தொடங்கும் என்பதால், முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

[காட்சி: பழைய ஜாக்கெட்டின் வலது தோள், மிக அருகில்.]

இந்தத் தோளைப் பாருங்கள். துப்பாக்கியின் வார் உரசிய இடத்தில் துணி பளபளத்துப் போயிருக்கிறது. ஒரு கரண்டி நீரை விடுகிறேன். மார்பின் மேல் விட்ட நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது; தோளில் விட்டது கறுத்துப் பரவி உள்ளே இறங்குகிறது. சோப்பில் துவைத்து, சீட்டில் அனுமதித்திருந்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் 20 நிமிடம் சுழற்றினால், பூச்சு மீண்டும் எழும். அப்போதும் தோள் கறுத்தால், புதிதாகப் பூச்சைத் தெளித்து மறுபடியும் நீர் விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், வீட்டுக் குளியலறையிலேயே செய்துவிடலாம்.