பக்கவாதம் வந்தவருக்குத் தலைசுற்றல்: காதா, மூளையா?

அடுத்த கேள்வியை ஒரு மகள் அனுப்பியிருக்கிறார். "அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. போன மாதம் திடீரென்று கடுமையான தலைசுற்றல், வாந்தி. உள்காது அழற்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். இது மறுபடியும் பக்கவாதமாக இருக்குமா? மாத்திரையை எவ்வளவு நாள் கொடுக்கலாம்?"

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. உள்காது அழற்சி யாருக்கும் வரலாம், பக்கவாதம் வந்தவருக்கும் வரலாம். பெரும்பாலும் வைரஸ் தொற்றை ஒட்டி வரும். சமநிலை நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டால் தலை சுற்றும், ஆனால் காது நன்றாகக் கேட்கும். உள்காது முழுவதும் பாதிக்கப்பட்டால் கேட்பதும் குறையும், இரைச்சலும் இருக்கும். பழைய பக்கவாதம் இந்த அழற்சியை உண்டாக்குவதில்லை.

ஆனால் சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ ரத்த ஓட்டம் தடைபட்டாலும் இதே சுற்றலும் வாந்தியும்தான் வரும். கை கால் விழாமலேயே வரும். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனி, பெரும்பாலானோருக்குச் சிறுமூளைக்குப் போகும் ஒரு தமனியிலிருந்துதான் கிளைக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போய், தலையும் சுற்றும். பார்ப்பதற்கு அப்படியே காது நோய். அதனால், ஏற்கெனவே பக்கவாதம் வந்த ஒருவருக்கு இப்படி நடந்தால், மூளையில் ஒன்றுமில்லை என்று உறுதியாகும்வரை நான் அதைக் காது நோய் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது கண்கள். சுற்றல் நீடித்துக்கொண்டிருக்கும்போதே தலையைச் சட்டென்று திருப்பிக் கண் அசைவைப் பார்ப்பது உட்பட மூன்று பரிசோதனைகள் உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவர் படுக்கையருகிலேயே செய்துவிடலாம். சி.டி. ஸ்கேன் இந்தப் பகுதியில் வரும் அடைப்பைப் பல நேரம் காட்டாது. முதல் ஓரிரு நாட்களில் எடுத்த எம்.ஆர்.ஐ.கூடச் சில நேரம் தவறவிடும். ஆகவே "ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிடாதீர்கள். அப்பாவின் கண் அசைவையும் நடையையும் அன்று யாரும் பார்க்கவில்லை என்றால், தாமதிக்காமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி எப்போதாவது தலைசுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமை, முகம் மரத்துப்போவது, புதிய பலவீனம், பிடிமானமில்லாமல் உட்காரக்கூட முடியாத நிலை, கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி என்று எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். தலைசுற்றலை அடக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத்தான். அதற்கு மேல் கொடுத்தால், இழந்த சமநிலையை மூளை ஈடுகட்டப் பழகுவது தள்ளிப்போகும். முதியவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் பக்கவாதம்தான் முற்றுகிறது என்று நினைத்து, அதே மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான பீட்டாஹிஸ்டின் அந்த வகை இல்லை, ஆனாலும் எதுவரை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பாருங்கள்.

உண்மையான மருந்து பயிற்சிதான். ஒரு எழுத்தின்மேல் பார்வையை நிறுத்தித் தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புவது, பிறகு நடப்பது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். முதலில் சுற்றல் கூடுவதுபோல் இருக்கும், அதற்காக நிறுத்த வேண்டாம். அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கலாம். நடக்கும்போது இடது பக்கம் ஒருவர் கூடவே வர வேண்டும், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

தலைசுற்றுகிறது என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவற்றைச் சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.