சின்னப் பிள்ளைக்கு எந்தக் கதைப் புத்தகம்?

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "புள்ள ரெண்டாம் வகுப்பு போகுது டீச்சர், என்ன கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" பெயர்ப் பட்டியல் கொடுப்பதைவிட, கடையில் நின்று எப்படிப் பார்த்து எடுப்பது என்று சொல்கிறேன்.

புத்தகத்தை நடுவில் பிரியுங்கள். பக்கத்தில் எத்தனை வரி என்பதைவிட, ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைகூட 'ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு' என்ற இடத்தில் நின்றுவிடும். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். 'நண்டு ஓடியது. பாட்டி பார்த்தாள்.' இப்படிச் சின்னச் சொற்கள், அதே சொற்கள் அடுத்த பக்கங்களிலும் திரும்ப வந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும். ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால், அது பிள்ளை தானாக வாசிக்கும் புத்தகம் இல்லை.

அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். பிள்ளை தானே வாசிக்க ஒன்று, நாம் வாசித்துக் காட்ட ஒன்று என்று இரண்டு வகை வேண்டும். வாசித்துக் காட்டும் கதை கொஞ்சம் கடினமாகவே இருக்கலாம். காதால் கேட்ட சொல்தான் பின்னால் கண்ணுக்கும் எளிதாக வரும்.

அப்புறம் படம். எழுத்தில் இருப்பதையே படமும் சொன்னால் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடும். எழுத்து சொல்லாத ஏதோ ஒன்று, மூலையில் ஒளிந்திருக்கும் பூனையோ கதவுக்குப் பின்னால் நிற்கும் தம்பியோ, படத்தில் இருக்க வேண்டும். அதைத் தேடித்தான் பிள்ளை திரும்பத் திரும்பப் புரட்டும்.

நம் கரையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடல் கதைகள் பலவற்றில் கடல் என்றால் ஒரு நீலக்கோடு, ஒரு பாய்மரம், சிரிக்கிற தங்கமீன், அவ்வளவுதான். நம் பிள்ளைக்கோ வல்லம் என்கிற நாட்டுப்படகும் தெரியும், விசைப்படகும் தெரியும், சூடை மீனுக்கும் காரல் மீனுக்கும் வித்தியாசம் தெரியும். கடல்பசு மீன் தின்கிறது என்று ஒரு புத்தகம் சொன்னால் வாங்காதீர்கள். அது கடற்புல் மேய்கிற பிராணி. கடல்குதிரையில் ஆண்தான் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் சுமார் இருபது தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இவ்வளவு உண்மை இருக்கும்போது பொய்யான கடல் எதற்கு? அதே நேரத்தில் கடல் கதை மட்டும் போதாது. பனி மலையும் காடும் பாலைவனமும் இந்தப் பிள்ளைக்கும் சொந்தம்தான்.

கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். "ஆகவே குழந்தைகளே" என்று தொடங்கினால் நான் அதை வைத்துவிடுவேன். கதையில் நடந்ததைப் பிள்ளை தானே யோசிக்கட்டும்.

காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் வந்திருக்கின்றன. ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைப் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். அதிலும் நிலை போட்டிருப்பார்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வேண்டுமென்றால் சென்னையின் தூலிகா பதிப்பகம் அப்படிப் புத்தகங்கள் போடுகிறது. வாங்கும்போது, முடிந்தால் நூலால் தைத்ததாகப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பிப் பின் சீக்கிரம் துருப்பிடித்துத் தாள் கழன்றுவிடும்.

"எனக்கே எழுத்து தெரியாதே, நான் எப்படி வாசித்துக் காட்டுவேன்" என்று கேட்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்தைப் பிரித்து, "இவ எங்க போறா? ஏன் கோவமா இருக்கா?" என்று நம் பேச்சிலேயே கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லும், நாளைக்குக் கதையை மாற்றியும் சொல்லும். தப்பு என்று திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். வணக்கம்.