ஒரே ஒரு கட்டளைக்கு ஒன்றரை லட்சமா?

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓர் அலுவலகத்தின் வேலையை முடித்த கையோடு கேமராவின் முன் அமர்ந்திருக்கிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரேடியஸ் சர்வர் (அனுமதியைச் சரிபார்க்கும் சர்வர்) காணொளியைப் பார்த்தவர்களுக்கு 802.1எக்ஸ் பற்றி, அதாவது கேபிள் செருகும் கருவியைச் சரிபார்த்த பிறகே வலையமைப்புக்குள் விடும் முறை பற்றி, மீண்டும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே கணக்குப் பிரிவினர் மடிக்கணினியோடு கூட்ட அறைக்குப் போனால் இணைப்பு கிடைப்பதில்லை. தம் மேசைக்குத் திரும்பினால் உடனே கிடைத்துவிடுகிறது. இதற்காகச் சுவிட்சையே, அதாவது அலுவலகக் கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியையே, மாற்ற வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். ஜிஎஸ்டி தனி, பொருத்தும் கூலி தனி. அந்தத் தாளை வரி வரியாகப் படித்தேன். ரேக்கில் முடுக்கும் திருகுகளுக்குக்கூடத் தனித் தொகை போட்டிருந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சைக் கழற்றி எறியச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அங்கே ஒவ்வொரு மேசையிலும் ஐபி தொலைபேசி இருக்கிறது. மடிக்கணினியின் கேபிள் அதன் பின்புறத்தில்தான் செருகப்பட்டிருக்கிறது. அந்தக் கேபிளைப் பிடுங்கினாலும் தொலைபேசிக்கும் சுவிட்சுக்கும் இடையிலான இணைப்பு அறுவதில்லை என்பதால், ஆள் எழுந்து போனது சுவிட்சுக்குத் தெரியாமல் அந்த மேசையில் அனுமதி பெற்ற பழைய அமர்வு அப்படியே நீடிக்கிறது. தொலைபேசியே மடிக்கணினியின் சார்பில் லாகாஃப் (வெளியேறிவிட்டது என்ற) செய்தி அனுப்பும் வசதி உண்டு. இங்குள்ள கருவிகள் அதை அனுப்பவில்லை. அதே மேக் முகவரி (மடிக்கணினியின் வலையமைப்பு அடையாள எண்) வேறொரு போர்ட்டில் (சுவிட்சில் கேபிள் செருகும் துளையில்) தலைகாட்டினால், பழைய ஐஓஎஸ் மென்பொருள் ஓடும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச் அதை ஏற்பதில்லை.

இதற்குத் தேவைப்பட்டது குளோபல் கான்ஃபிக்கில் (சுவிட்ச் முழுவதற்குமான அமைப்பில்) ஒரே வரி: ‘ஆதென்டிகேஷன் மேக்-மூவ் பெர்மிட்’. இனி சுவிட்ச் பழைய போர்ட்டின் அமர்வை முடித்துவிட்டு, புதிய போர்ட்டில் அங்கீகாரத்தை முதலிலிருந்து நடத்தும். அமர்வுகளைக் காட்டும் ‘ஷோ ஆதென்டிகேஷன் செஷன்ஸ்’ கட்டளையைக் கொடுத்தபோது, 1/0/7 போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்த முகவரி 1/0/19-க்குப் போய் ‘ஆத்ஸ் சக்சஸ்’ (அனுமதி கிடைத்தது) என்று நின்றதைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

கூட்ட அறை போர்ட்டுகளில் மட்டும் 802.1எக்ஸை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொல்வது எனக்கு அறவே பிடிக்காது. வெளியாட்கள் வந்து கேபிள் செருகும் இடமே அதுதான்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். ஓபன் அங்கீகார முறையில் (அங்கீகாரம் முடியும் முன்பே கருவியை உள்ளே விடும் முறையில்) இருக்கும் போர்ட்டுகளில், புதிய இடத்தில் அனுமதி பெறுவதற்கு முன்பே முகவரி நகர்ந்துவிடும். ஆகவே இந்த வரியைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு போர்ட்டும் எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு மறவாமல் அமைப்பைச் சேமிக்கும் ‘ரைட் மெமரி’ கட்டளையைக் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த மின்தடையில் அந்த வரி போய்விடும்.