40% மரத்தை வெட்டியும் எண்ணெய் குறையல! மரத்தீவு ரகசியம்

வணக்கம் மக்களே! முள்ளுத்தேங்காய், அதாவது பாம் எண்ணெய் எடுக்கிற மரத்தோட தோட்டத்துக்குள்ள அங்கங்க சதுரம் போட்டு, அந்த இடத்துல 100க்கு 40 மரத்தை வெட்டுறாங்க. ஆனா தோட்டத்தோட மொத்த விளைச்சல் குறையவே இல்ல. எப்படி?

வரலாறு ஒரே மூச்சுல: இலங்கைக்கு இந்தப் பயிர் 1968ல காலி மாவட்டம் நாக்கியாதெனியவுக்கு வந்துச்சு, 2021ல புதுசா நடத் தடை. அவ்வளவுதான். நாம போறது இந்தோனேசியாவுல சுமாத்ரா தீவு, ஜாம்பி மாகாணத்துக்கு.

நம்ம லயத்தைத் தள்ளி நின்னு பாருங்க. ஒரே உயரக் கூரை, ஒரே அளவு வாசல். முள்ளுத்தேங்காய்த் தோட்டமும் அதே லயம்தான். 9 மீற்றர் இடைவெளி, ஒரே வயசு, ஒரே உயரம், கீழ மருந்தடிச்ச மண். "எங்க மலையில சவுக்கு நிக்குதே"ன்னு கேப்பீங்க. நிக்குது. ஆனா இடுப்பளவுல தேயிலை, உச்சியில சவுக்கு, நடுவுல வெறும் காத்து! நடு உயரத்துல கூடு கட்டுற குருவி எங்க போகும்?

அதுக்குத்தான் மரத்தீவு: முள்ளுத்தேங்காய்க்கு நடுவுல வேற மரங்களை நடுற சதுரத் துண்டு. ஜாம்பியில ஆராய்ச்சிக்காரங்க 2013 கடைசியில 52 தீவு போட்டாங்க. பக்கம் 5, 10, 20, 40 மீற்றர்னு நாலு அளவு. கன்றுக்குக் கன்று 2 மீற்றர், அப்போ 40க்கு 40 தீவுக்கு 400 கன்று. 5 மீற்றர் தீவைத் தவிர மத்ததுலதான் அந்த 40% வெட்டு. ஓலை மூடியிருந்தா கன்று வெளிச்சம் தேடி ஒல்லியா நீண்டு செத்துரும்.

நட்ட ஆறு இனத்தையும் கேளுங்க: தூரியன், பெத்தாய், ஜெங்கோல், ஜெலுத்தோங், சுங்காய், மெராந்தி. முதல் மூணும் வாசனைக்குப் பேர் போனது, பக்கத்துல மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்! ஜெலுத்தோங் பால்ல சூயிங்கம் செஞ்சாங்க. சுங்காயும் மெராந்தியும் பலகைக்கு.

நட்ட பிறகு உரமும் இல்ல, மருந்தும் இல்ல. கன்றைச் சுத்திக் கையால மட்டும் புல்லு வெட்டு, வேர் பிடிச்சதும் அதையும் விட்டுட்டாங்க. நம்ம ஆளுங்க கோட்டை விடுறது இங்கதான். மலை பளிச்சுன்னு இருக்கணும்னு கங்காணி கத்தியைக் கொடுத்துருவாரு, பறவை போட்ட விதையில முளைச்சதெல்லாம் அதோட போயிரும்.

எண்ணெய்க் கணக்கு சின்னது. வெட்டினதுக்குப் பக்கத்துல நிக்கிற மரத்துக்கு வெளிச்சம் கூட, போட்டி குறைவு, அதனால குலை கூட. 2023ல நேச்சர் இதழ்ல முடிவு வந்துச்சு: தீவு பெருசாக ஆக உயிரினமும் பெருகுது. ரோட்டோரம் ஒத்தைக் கன்று நட்டுப் போட்டோ எடுக்கிற விழாவெல்லாம் என் கணக்குல வராது.

அதுக்காகத் தூரியனைத் தூக்கிட்டு நுவரெலியாவுக்கு ஓடாதீங்க, குளிருல நிக்காது. முறையை மட்டும் எடுங்க. கொஞ்சம் கீழ்மலைன்னா பலா, கித்துள், நாவல் கலந்து நடலாம். கைவிட்ட தேயிலைத் துண்டா இருந்தா கன்றைச் சுத்தி மானாப்புல்லைத்தான் முதல்ல எடுக்கணும். உங்க தோட்டத்துல அப்படி ஒரு துண்டு இருக்கா? அளந்து கமெண்ட்ல போடுங்க. 20க்கு 20 வந்தா 100 கன்று தயார் பண்ணுங்க.