பதில் தெரிந்தும் சொல்லாத ஆசிரியர்! இக்ரா முறையின் ரகசியம்

[திரையில்: அரபு எழுத்து 'ரா'. அதன் தலையில் ஒரு புள்ளி வந்து உட்காருகிறது.]

புள்ளி வைத்தால் இது 'ஸா'. குழந்தை மறந்துபோய் முழிக்கிறது. பதில் ஆசிரியருக்குத் தெரியும், ஆனால் உடனே சொல்லக் கூடாது! குர்ஆன் வாசிக்கக் கற்றுத் தரும் 'இக்ரா' பாடநூலிலேயே இப்படி ஒரு விதி எழுதி வைத்தார் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரைச் சேர்ந்த கவரிங் நகை வியாபாரி அஸ்அத் ஹுமாம்.

பின்னணியைச் சட்டென்று பார்த்துவிடுவோம். நம்மூர் மதரஸாவில் ஓதியவர்களுக்கு "அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ" ராகம் மறந்திருக்காது. அங்கேயும் பழைய வழி இப்படி எழுத்துக்கூட்டுவதுதான். ராகம் மனப்பாடமாகிவிடும், நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் பல குழந்தைகள் திணறும். 1960களில் இந்தோனேசியாவின் ஸமாராங் நகரைச் சேர்ந்த டஹ்லான் ஸாலிம் ஸர்காஸி, எழுத்துக்கூட்டாமல் நேரடியாக வாசிக்கும் 'கிராஅத்தி' முறையைத் தொடங்கினார். அதைப் பயன்படுத்திப் பார்த்த அஸ்அத் ஹுமாம், 1980களின் இறுதியில் ஆறு சிறு பாகங்களாக 'இக்ரா'வை உருவாக்கினார்.

முதல் பாகத்தில் எழுத்துக்குப் பெயரே சொல்லித் தருவதில்லை. அ, ப, த என்று ஒலியாகவே பார்த்து வாசிக்க வேண்டும். எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பது இரண்டாம் பாகத்தில்தான்.

சரி, அந்த விதிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குழந்தை தவறாக வாசித்தால் முதலில் "ஏய்... கவனம்" என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும். பிடிபடவில்லையா? நினைவுக்கு ஒரு பாலம் போட வேண்டும்: "புள்ளி இல்லாவிட்டால் இது ரா. இப்போது புள்ளி இருக்கிறதே?" அதற்கும் வரவில்லை என்றால்தான் சரியான ஒலியைச் சொல்லலாம். தவறிய எழுத்தை மட்டும் திருத்தினால் போதும், முழு வரியையும் திரும்ப வாசிக்கவைக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மூன்று நொடி இடைவெளியில் குழந்தை தானே யோசிக்கிறது பாருங்கள், படிப்பு நடப்பதே அங்கேதான் என்பேன். ஆசிரியர் பயிற்சியில் வாரக்கணக்கில் பேசுவதை இந்த மனிதர் சில வரிகளில் முடித்துவிட்டார்!

[திரையில்: ஆசிரியர் முன் ஒரே ஒரு மாணவர், பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கேட்டுச் சொல்கிறது.]

ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து வாசித்துக் காட்ட வேண்டும். மேல் பாகத்துக்குப் போனவர் கீழ் பாகத்தில் இருப்பவருக்கு உதவலாம். அதனால் யாருடைய வேகமும் யாரையும் இழுத்துப் பிடிக்காது.

மலேசியத் தொடக்கப் பள்ளிகளுக்குள்ளும் இக்ரா போனது. 2005இல் அங்கே தொடங்கிய ஜெ-காஃப் திட்டம், ஜாவி எழுத்து (அரபு வரிவடிவில் எழுதும் மலாய்), குர்ஆன், அரபு, ஃபர்ளு ஐன் (ஒவ்வொரு முஸ்லிமுக்கும் உரிய கட்டாயக் கடமைகள்) நான்கையும் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவந்தது.

குறையும் உண்டு. இக்ரா வாசிக்கத்தான் கற்றுத் தரும், பொருள் தராது. ஆசிரியரின் உச்சரிப்பு பிசகினால் குழந்தையின் நாக்கிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே புத்தகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள், நன்றாக ஓதத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் மதரஸா உஸ்தாதா, பள்ளியில் இஸ்லாம் பாடம் எடுப்பவரா? பிள்ளை தடுமாறும்போது நீங்கள் கொடுக்கும் முதல் குறிப்பு என்ன? கமெண்டில் எழுதுங்கள், மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.